அவள் கண்டது, நான் எழுதியது

முதலில் டாக்டரிடம் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பேசும்போது நான் தலையை ஆட்டுவேன். காதில் மட்டும் வாங்கமாட்டேன். பதினாறு வருஷம் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள், "ஒண்ணு நீங்க மனநல டாக்டரைப் பாருங்க, இல்ல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். அந்த வாக்கியம் காதில் விழுந்தது.

டாக்டர் நிதானமானவர். "உங்களுக்குத் தெரியுறது மேல்மனசு. உங்களை நடத்துறது ஆழ்மனசு. அது கனவுலதான் வாயைத் திறக்கும். எழுந்ததும் நோட்டுல எழுதிடுங்க" என்றார்.

நான் படுத்தால் கட்டை. கனவே வராது. மூன்று வாரமும் தேதி போட்டு, 'கனவு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். "உள்ள ஏதோ பலமா தடுக்குது" என்றார். அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் இருப்பவன் நான். வெறும் பக்கத்தை நீட்டக் கூச்சமாக இருந்தது.

நாலாவது வாரம், தலை வாரிக்கொண்டே மனைவி சொன்னாள்: "ராத்திரி ஒரு கனவு. பெட்டி கட்டுறேன். எல்லாம் அடங்கிடுச்சு, உங்க செருப்பு மட்டும் அடங்கல. வாசல்லயே விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

"அப்புறம்?" என்றேன், பேனாவைத் திறந்து.

சீப்பு பாதியில் நின்றது. "நீங்களா கேக்குறீங்க? ஜன்னல் சீட்டு. நல்ல காத்து. அவ்வளவுதான்."

'உங்க செருப்பு' என்ற இடத்தில் 'மனைவியின் செருப்பு' என்று திருத்தி, டாக்டரிடம் ஒப்படைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க, மேல்மனசு வீட்டுல துணி காயப்போட்டுட்டிருக்கு. ஆழ்மனசு எப்பவோ கிளம்பிடுச்சு. வருத்தம் இருந்துச்சா?"

"நல்ல காத்துங்க."

"அதான்! மனசால பிரிஞ்சாச்சு."

பிரிந்தது அவள் மனசு என்று எனக்குத்தானே தெரியும். "திருப்ப வழி இருக்கா சார்?"

"எதுக்குத் திருப்பணும்? உங்க மனசு, உங்க முடிவு. வீட்டம்மாகிட்ட மட்டும் இப்போ சொல்லாதீங்க. பாவம், தாங்கமாட்டாங்க."

வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, கனவைத் திருடியதிலிருந்து வரிசையாகச் சொன்னேன்.

"என் கனவை உங்களுதுன்னு எழுதிக் கொடுத்தீங்களா? அடப்பாவி மனுஷா!" சிரிப்பு வந்து, அடங்கியது. "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நீ போயிட்டியாம். உனக்கே தெரியாதாம்."

ஒரு சட்டையை மடித்தாள். அது சரியில்லையென்று பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திருப்ப வழி இருக்கான்னு கேட்டேன்."

"அவர்கிட்ட கேட்டா? எங்கிட்டல்ல கேக்கணும்!"

கேட்டேன்.

பதில் ஒன்றரை மணி நேரம் நீண்டது. அவள் தங்கை கல்யாணத்தில் நான் பேப்பர் படித்ததில் தொடங்கி, நடுவில் என் அண்ணனையும் இழுத்துவிட்டு, போன மாசம் வரைக்கும் வந்தாள். போவாளா, இருப்பாளா என்பது மட்டும் அதில் இல்லை. இரண்டு இடத்தில் குறுக்கே பேச வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

தொண்டை கட்டியதும் எழுந்தாள். "மீதியை நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு இருப்பாள் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன்.