காலியாக வந்த ஒன்பதாவது பெட்டி

1.

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்திலிருந்து கிடைத்தது. ஸ்கேன் செய்த தாள்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. அங்கே ஒருநாள் ஒரு விதைக் கம்பெனியின் 'கள ஆய்வுப் படிவம்' வந்தது. மொத்தம் இருபது தாள். ஒன்பதாவது பெட்டியின் தலைப்பு: 'பயிர் பாதிப்புக்குக் காரணம்'. பத்தொன்பது தாளில் ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியம் இருந்தது: 'விவசாயி சரியாகத் தண்ணீர் பாய்ச்சவில்லை.'

இருபதாவது தாளில் அந்தப் பெட்டி காலி. ஆனால் அடியில் விவசாயியின் கையெழுத்து இருந்தது.

காலித் தாளில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால், எழுதப்போகிறவனை அவர் நம்பியிருக்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பெரம்பலூர்க் கரிசல் காட்டில் மழை நின்றுபோன அந்த மார்கழியில், மணிவேல் வானத்தை அண்ணாந்து—"

இல்லை. விதை விற்கிறவன் வானத்தைப் பார்க்க மாட்டான். போனைப் பார்ப்பான்.

அடுத்தது: "வளர்ச்சியை விரும்பும் தலைவர் தன் விற்பனையை வியூகத்தோடு எவ்வாறு இணைப்பது என்பதை—"

இது சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போன முதலாளி ராஜராஜன் கையோடு கொண்டுவந்த ஃபைலின் முதல் வரி. இதையும் அடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

3.

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் மாடியில் விதைக் கம்பெனியின் ஆபீஸ். சனிக்கிழமைதோறும் மீட்டிங். அந்த வாரம் யார் குறைவாக விதைப்பை விற்றாரோ அவர் மீட்டிங் முடியும்வரை நிற்க வேண்டும்.* மணிவேல் நின்றுகொண்டிருந்தான்.

ராஜராஜன் புது வியூகத்தைச் சொன்னார். இனிமேல் தொண்ணூறு நாள் மக்காச்சோளம் கிடையாது. நூற்றுப் பதினைந்து நாள் ரகம், உயர்ந்த விதை. தண்ணீர் வசதி உள்ள திருமானூர்ப் பக்கம் போய் விற்க வேண்டும். மூன்று வருடத்தில் கம்பெனி எங்கேயோ போய்விடும்.

"சார், திருமானூர்ல நெல்லும் கரும்பும்தான் சார்" என்றான் மணிவேல். "கொள்ளிடத் தண்ணிய வச்சுக்கிட்டு யாரு சார் சோளம் போடுவா?"

"போட வைக்கிறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். நெகட்டிவா பேசுறவங்க நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். போன வாரம் நின்றவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

வியூகம் மாறியது. எண்ணுவது மாறவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் வழக்கமான கேள்வி வந்தது: 'இன்னிக்கு எத்தனை பை?' யாருக்கு விற்றாய், அவன் காட்டில் கிணறு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. தலைவர்கள் சுவரில் ஒட்டுவது ஒன்று, எண்ணுவது வேறு. விற்கிறவன் எண்ணுவதைத்தான் விற்பான்.

(* அங்கே இதைத் தண்டனை என்று சொல்வதில்லை. 'உற்சாகப்படுத்துதல்' என்று பெயர்.)

4.

திருமானூரில் ஒரு வாரம் சுற்றினான். டீ கிடைத்தது. ஒரு பைகூட விற்கவில்லை. திரும்பி லப்பைக்குடிக்காட்டுக்கு, இலியாஸ் பாய் விதைக்கடைக்குப் போனான்.

இலியாஸ் பையைத் திருப்பி நாள் கணக்கைப் படித்தார். "தம்பி, நூத்திப் பதினஞ்சு நாளா? இங்க எல்லாம் மானாவாரிக் காடு. மழை ஒங்க கம்பெனியில சம்பளம் வாங்குதா?"

"வச்சுப் பாருங்க பாய்."

"விக்கிறது பெரிய வேலையில்ல. வெளையலன்னா என் கடை வாசல்லதான் வந்து நிப்பாங்க. அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன், எனக்கு வேணாம். டீ சாப்பிடுங்க."

மூன்றாவது சனிக்கிழமையும் நின்றான். நாலாவது வாரமும் நின்றால் வேலை இல்லை என்று ராஜராஜன் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் மணிவேல் பைக்கை நேராக அக்கா வீட்டுக்கு விட்டான். பெரம்பலூர்–அரியலூர் மெயின் ரோட்டை ஒட்டி அக்கா சிவரஞ்சனிக்கும் அவள் புருஷன் தர்மராஜுக்கும் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு.

"நிக்க வெக்கிறாங்களா? அது என்னடா, பள்ளிக்கூடமா?" என்றாள் அக்கா.

"மாப்ள, கால் வலிச்சா ஒரு ஸ்டூல் வாங்கித் தரேன், கையோட எடுத்துட்டுப் போ" என்றார் தர்மராஜ். "வெதை மட்டும் வேணாம்."

"நீங்க சும்மா இருங்க. எத்தன பைடா வேணும் ஒனக்கு?"

"ஆறுக்கா."

"தண்ணி பாய்ச்சணுமா இதுக்கு?"

இந்த இடத்தில் மணிவேல் என்ன சொன்னான் என்பதை நாலு தடவை எழுதினேன். ஒரு தடவை உண்மையைச் சொன்னான். கதை அங்கேயே முடிந்துபோனது, அக்கா வாங்கவில்லை. இன்னொரு தடவை பேசாமல் இருந்தான். அது அவனுக்கு நான் காட்டிய சலுகை. அவன் இப்படித்தான் சொல்லியிருப்பான்:

"ரெண்டு மழை சேந்தாப்புல வந்தாப் போதுங்க்கா."

5.

ஒரு ஊரில் முதலில் வாங்குகிறவர் காட்டில் தகர போர்டு நடுவது கம்பெனி வழக்கம். ரோட்டைப் பார்த்து நட்டார்கள். 'முன்னோடி விவசாயி திரு. தர்மராஜ்.' கீழே மணிவேலின் போன் நம்பர்.

அடுத்து நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். பொய். எதிர்பார்த்துத்தான் ரோட்டோரம் நட்டான். ஊர் பேசிக்கொண்டது: "சொந்த அக்கா காட்டுக்கே குடுத்துருக்கான்யா. கெட்ட வெதையக் கூடப் பொறந்தவளுக்குக் குடுப்பானா?" இன்னும் பத்தொன்பது குடும்பம் வாங்கியது. விலையையோ நாள் கணக்கையோ யாரும் கேட்கவில்லை. உறவைப் பார்த்தார்கள், போதும் என்று விட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மணிவேல் உட்கார்ந்தான். ராஜராஜன் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். விற்ற இடம் வியூகத்தில் இல்லை என்பது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை.

கார்த்திகையோடு மழை நின்றது. பக்கத்தில் பழைய தொண்ணூறு நாள் ரகம் போட்டவர்களுக்கு அதற்குள் மணி பிடித்திருந்தது. இந்த ரகம் அப்போதுதான் பூவில் இருந்தது. தை மாதம் அக்கா ஒரு கதிரை உரித்துப் பார்த்தாள். தக்கை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து மணி. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் போர்டு மட்டும் நிமிர்ந்து நின்றது.

மணிவேலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

6.

"நம்ம வியூகம் என்ன சொல்லுச்சு?" என்றார் ராஜராஜன். "தண்ணி இருக்குற எடத்துல விக்கச் சொல்லுச்சு. நீங்க எங்க வித்தீங்க?"

"பை எண்ணித்தானே சார் பொன்னாடை போத்துனீங்க?"

(இதை அவன் சொன்னதாக எழுதி வைத்தேன். அடிக்க மனம் வரவில்லை, அதனால் இருக்கட்டும். ஆனால் அவன் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.)

இருபது படிவம் கொடுத்தார்கள். ஒன்பதாவது பெட்டியில் விதையைக் குறை சொன்னால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், மணிவேல் வீட்டுக்குப் போக வேண்டும். விவசாயியைக் குறை சொன்னால் ஃபைலை மூடிவிடலாம். எதை எழுத வேண்டும் என்றும் ராஜராஜனே சொல்லிக்கொடுத்தார். "அப்புறம் அந்த போர்ட மொதல்ல புடுங்குங்க."

கிணறே இல்லாத பத்தொன்பது காட்டுக்கு, தண்ணீர் பாய்ச்சவில்லை என்று எழுதினான். சிவரஞ்சனியின் தம்பி நீட்டிய தாள் என்று அவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியாக அக்கா வீடு. போர்டைப் பிடுங்கக் கடப்பாரை கேட்டான்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் தர்மராஜ். "ஊர்ல நாலு பேரு ஒனக்கு போன் போடணும்னா நம்பர் வேணாமா?"

அக்கா தாளை வாங்கினாள். நிலம் அவள் பேரில். பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்தாள்.

"இதுல என்னடா எழுதுவ?"

"கம்பெனிக்கு எழுதணுங்க்கா."

"ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

அவன் பேனாவை நீட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள். "நீ பாத்து எழுதிக்க. சாப்புட்டுப் போ."

7.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் மணிவேல், 'மானாவாரிக் காட்டுக்கு ஆகாத விதை, தெரிந்தே விற்றேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டான். எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

இன்னொன்றில் ராஜராஜன் திருந்தினார். விதை விற்ற அன்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, அறுவடையன்று காட்டுக்குப் போய் எண்ணினார். எங்கே எது விளையும் என்று விற்கிறவனைக் கேட்டுவிட்டு வியூகம் எழுதினார். இதைப் படிக்கிற முதலாளி யாராவது இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம், சென்னைக்குப் போக வேண்டியதில்லை. என் ராஜராஜன் செய்ய மாட்டார்.

மூன்றாவதுதான் நடந்திருக்க வேண்டும். மணிவேலால் அக்காவின் தாளில் மட்டும் எழுத முடியவில்லை. காலியாகவே அனுப்பிவிட்டான். இதை நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தொன்பது பேருக்குக் கூசாத கை கூடப்பிறந்தவளுக்குக் கூசியது, அவ்வளவுதான். எழுதுகிற பாவத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டான்.

8.

அந்த வேறு யாரோ நான்தான்.

கணினியில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. சூப்பர்வைசர் பிரேம்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "மேல என்ன இருக்கோ அதையே போட்டு விடுப்பா. கம்ப்ளெயின்ட் வராது. உன் கவுன்ட் ஏற்கனவே கம்மி."

எங்களுக்கும் எண்ணிக்கைதான். பை இல்லை, தாள்.

போட்டேன். இரண்டே விசைத் தட்டல். அக்காவின் கையெழுத்துக்கு மேலே, அவள் தண்ணீர் பாய்ச்சவில்லை என்று ஏறியது. பக்கம் திறந்தது. அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதனால் அந்த மூன்று ஏக்கருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்தக் கதையில் காலியாக விட்டாலும் பக்கம் திருப்பலாம். பெயரை மட்டும் மாற்றி, அந்தத் தாளை அது வந்தபடியே இங்கே வைக்கிறேன். பேனா உங்கள் கையில் இருக்கிறது. மற்றப் பத்தொன்பது தாளிலும் என்ன எழுதியிருந்தது என்பதை ஒரு தடவை நினைத்துவிட்டு எழுதுங்கள்.

8. விதைத்த பரப்பு: மூன்று ஏக்கர், மானாவாரி.

9. பயிர் பாதிப்புக்குக் காரணம்:

10. விவசாயி கையொப்பம்: த. சிவரஞ்சனி