போட்டி வரைக்கும்

ஜிம்மில் அவளுக்குக் குருவி என்று பேர். ஆள் அவ்வளவு சிறிசு. ஆனால் தன் எடையைவிட அதிகமான இரும்பை அலட்சியமாகத் தலைக்கு மேல் தூக்கிவிடுவாள். அவள் புருஷனும் அதே ஜிம்தான், பாடிபில்டர். "நான் தூக்குறேன், நீங்க காட்டுறீங்க" என்று அவள் கிண்டலடித்தால் சிரித்துக்கொள்வான்.

போட்டிக்குத் தயாராகும்போது வலது தோள் பிடித்துக்கொண்டது. பிசியோ அக்கா தோள்பட்டைக்கு அடியில் கட்டைவிரலை விட்டு, இறுகிக் கிடந்த தசையை அழுத்தியபோது குருவிக்கு உயிர் போய் வந்தது.

"கத்தணும்னா கத்தும்மா. வெளியே பாட்டு அலறுது, யாருக்கும் கேக்காது."

வாரம் தவறாமல் போனாள். தசை இளகியது. கை காதை ஒட்டி நிமிர்ந்தது. தூக்கும் எடையும் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி முன்னால் நிற்கும் புருஷனை விட்டுவிட்டு ஆட்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். "என்னப்பா, உங்க வீட்ல யாரு புருஷன்?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். புருஷனும்தான்.

அடுத்த முறை அவள் போனபோது பிசியோ அக்காவின் மேசையில் அவன் குப்புறப் படுத்திருந்தான்.

"உனக்குச் சரியாயிடுச்சு, உன் நேரத்தை அவருக்குக் குடுக்க நீயே சொன்னதா சொன்னாரே?" என்று விழித்தாள் அக்கா. "தசை இப்பத்தான் இளகியிருக்கு. நடுவுல விடக் கூடாதும்மா. போட்டி வரைக்கும் என்கிட்ட வேற நேரமும் இல்ல."

"எனக்கும் போட்டி இருக்குல்ல?" அவன் முகத்தைத் தூக்கவே இல்லை. "நீ வலி தாங்குவ. போ."

வெளியாள் முன்னால் சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை. போய்விட்டாள்.

போட்டி மேடையில் இரும்பு தலைக்கு மேல் போய் நின்றது. அப்போது துணி கிழிகிற மாதிரி தோளுக்குள் ஏதோ கிழிந்தது. கம்பி பின்பக்கம் விழுந்து அதிர்ந்தது. முதலில் ஓடி வந்தது புருஷன்தான். குழந்தையைப்போல அவளை அள்ளிக்கொண்டு போனான். படம் எடுத்தார்கள். படத்தில் அவன் புஜம் நன்றாக முறுக்கேறி இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகும் தலை சீவ அவள் கை எழும்பவில்லை. அவன் தன் போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு சோபாவில் குப்புறப் படுத்தான்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் அழுத்து."

அழுத்தினாள்.

"அட! இனி அந்த அக்காகிட்ட போக வேணாம்போல," என்றான். "நல்லா அழுத்து. சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்."