முப்பத்தொன்றாம் பக்கம்

சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வார்டு கமிட்டித் தலைவர் இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

எதிரே நாற்பத்திரண்டு பக்க நாடகம். எழுதியவர் அவருடைய தங்கையின் கணவர்.

இருபது வருடங்களாக இருவரும் நாடகம் எழுதுகிறார்கள். எந்த நாடகமானாலும் தலைநகரத்துத் தணிக்கை அலுவலகத்துக்குப் போய்த்தான் வர வேண்டும். மாப்பிள்ளையின் பிரதி உடம்பெல்லாம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும். இவருடையது போன மாதிரியே வரும். ஒரு கீறல் இருக்காது. நாடகக்காரர்கள் இவருக்கு 'வெள்ளைத்தாள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயரோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடிபட்ட வசனம் வருகிற இடத்தில் நடிகர் வாயை மூடிக்கொண்டு, அது எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது அந்த ஊர் மேடையின் வழக்கம். மாப்பிள்ளையின் நாடகத்தில் அப்படியொரு மௌனம் விழுந்தால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். அடுத்த நாள் பஸ்ஸில் அதைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளைத்தாளின் நாடகத்தில் எல்லோரும் எல்லா வசனத்தையும் தெளிவாகப் பேசுவார்கள். மூன்றாவது வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்கள்.

இருபது வருட வயிற்றெரிச்சல்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. அதிகாரத்தைப் பிரித்து வார்டுகளுக்குக் கொடுத்தார்கள். தெருவிளக்கு, குழாய், குப்பை வண்டி, அவற்றோடு நாடக அனுமதியும் வந்து சேர்ந்தது. கமிட்டியில் மூன்று பேர்: வெள்ளைத்தாள், மருந்துக்கடைக்காரர், ஒரு டீச்சர். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர்தான்.

மருந்துக்கடைக்காரர் முப்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தை மடக்கி வைத்திருந்தார். கதாநாயகனான குமாஸ்தா, வார்டுத் தலைவர் ஒருவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் இடம்.

"இது அப்படியே நீங்கதான் சார். மூக்குக்கண்ணாடிகூட இருக்கு. அடிச்சுத் தள்ளுங்க."

பேனா பக்கத்தைத் தொடப் போனது. அப்போதுதான் உறைத்தது. அடித்தால் மௌனம். மௌனம் விழுந்தால் கைதட்டல்.

சிவப்புப் பேனாவை மூடினார். நீலப் பேனாவை எடுத்தார். நாற்பத்திரண்டு பக்கங்களிலும் ஒரு கோடு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு பிரதியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒன்பது நாள் திறக்கவே இல்லை.

நாடகத்தன்று காலையில் தங்கை வார்டு ஆபீசுக்கே வந்துவிட்டாள். பிரதியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முகம் வெளுத்தது.

"என்னண்ணா இது, ஒண்ணுமே அடிக்கல?"

"முழு சுதந்திரம் குடுத்திருக்கேன். சந்தோஷமா போ."

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். முப்பத்தொன்றாம் பக்கம் எப்படியும் அடிபடும் என்ற நம்பிக்கையில், அவள் கணவர் அந்த இடத்துக்கு ஒத்திகையே மௌனமாகத்தான் பார்த்திருக்கிறார். ஒன்றரை நிமிடம், கடிகாரம் வைத்து. நடிகருக்கு அந்த வசனத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

"மூணு வரியாவது அடிச்சுக் குடுண்ணா. உனக்குப் புண்ணியமா போகும்."

வெள்ளைத்தாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சட்டம் இடம் கொடுக்காது என்றார். கருத்துச் சுதந்திரம் என்றார். தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சின்ன வயசுல என் பொம்மையப் பிடுங்கிட்டு இதே மூஞ்சியத்தான் வெச்சுக்குவே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாலை. அரங்கம் நிரம்பி வழிந்தது. வெள்ளைத்தாள் முதல் வரிசையில், மடியில் பையோடு. பைக்குள், தங்கை மேஜையிலேயே விட்டுப்போன கமிட்டியின் பிரதி.

முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. குமாஸ்தா முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். மூடினார். அப்படியே நின்றார்.

உளறுவார், ஓடுவார், மாப்பிள்ளையின் மானம் கப்பலேறும் என்று காத்திருந்த வெள்ளைத்தாளுக்குப் பின்னால், முதலில் ஒரு கை தட்டியது. பிறகு பத்து. பிறகு அரங்கம் முழுக்க. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேடையைப் பார்த்து அல்ல, இவரைப் பார்த்து.

"வெள்ளைத்தாள் அடிச்சுட்டார்யா" என்றது ஒரு குரல்.

"தன் நாடகத்துல அடிக்க ஒண்ணும் இல்ல, மச்சான் நாடகத்துலயாவது அடிப்போம்னு பார்த்திருக்கார்" என்றது இன்னொன்று. சிரிப்பு அலை அலையாக வந்தது.

அடிக்கவில்லை என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. பையை அவசரமாகத் திறந்தார். பிரதியை எடுத்தார். படியேறி மேடைக்கே போய், மௌனமாக நின்ற குமாஸ்தாவின் பக்கத்தில் நின்று, முப்பத்தொன்றாம் பக்கத்தை உயர்த்திக் காட்டினார். பின்வரிசைக்கு என்ன தெரியும்? வேறு வழியில்லை. படித்தார்.

"முன்னே எட்டு மணி நேரம் ரயில்ல போய்க் கெஞ்சினேன். இப்போ கெஞ்ச வேண்டிய ஆள் எதிர் வீட்டுலயே இருக்கார். ரயில் காசுதான் மிச்சம். கெஞ்சல் அதே கெஞ்சல். தலைநகரத்துல இருந்தவருக்கு என் முகம் தெரியாது. பயத்துல அடிச்சார். உங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். என் வீட்டுல சிரிச்சா உங்க வீட்டுல கேக்கும். அந்தச் சிரிப்புக்காகவே நீங்க அடிப்பீங்க."

கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை.

விழுந்த கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. இருபது வருடங்களாக எந்தச் சத்தத்துக்குக் காது ஏங்கிக் கிடந்ததோ, அதே சத்தம். ஆனால் வார்த்தை மாப்பிள்ளையுடையது. அந்த நிமிடத்திலும் அது முள்ளாகக் குத்தியது.

திரைக்குப் பின்னால் மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என் வசனத்துக்கு விழுந்த முதல் கைதட்டல் இது. இதுவரைக்கும் தட்டினதெல்லாம் நான் எழுதினதைக் கேக்காம தட்டினது. உங்க நாடகத்துல ஒவ்வொரு வரியும் ஜனங்க காதுல விழுமே, அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

வெள்ளைத்தாள் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். இந்த ஆளுக்கா? தன்னைப் பார்த்தா?

நாளைய காட்சியிலும் அதே இடத்தில் ஏறிவந்து படிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். வெள்ளைத்தாள் பிகு செய்தார். கமிட்டித் தலைவர் மேடை ஏறலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்று இழுத்தார்.

பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சாருக்குச் சிரமம்னா நான் படிக்கறேனே. நானும் கமிட்டிதானே. அந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்னு தோணுது."

வெள்ளைத்தாள் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரதியிலிருந்து உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் மாப்பிள்ளை?" என்றார்.