வெண்கலமான தால்சு

கிம்ஜே சமவெளியில் வசந்தகால வெண்கலப் பாத்திர வசூல் முடிந்த மறுநாள் காலை, பாங் தால்சுவின் இடது கால் சுண்டுவிரல் வெண்கலமாகியிருந்தது. அவன் மனைவி புன்னே அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். முந்தின நாளே அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். பத்து வீடுகளுக்கு ஒரு தலைவன் என்று, நாட்டைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரர்கள் போருக்காக வைத்த ஏற்பாட்டில் அந்தத் தெருவுக்குத் தால்சு தலைவன். அதுவரை கருவாடு விற்றுக்கொண்டிருந்தவன். தலைவன் வீட்டுப் பெண்ணைத் தொழிற்சாலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, மகள் சூன்யேவுக்காக அந்தப் பதவியை ஏற்றான். பீரங்கிக் குண்டுக்கு உலோகம் வேண்டுமென்று உத்தரவு வந்தபோது கரண்டி, கிண்ணம், முன்னோர் படையல் தட்டு, மூத்திரச் சட்டி வரைக்கும் தெருவை வழித்தெடுத்தான். புன்னே ஊறுகாய்ப் பானைக்குள் ஒளித்திருந்த அவள் அம்மாவின் சோற்றுக் கிண்ணத்தையும் அவனே கைவிட்டு எடுத்து, துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தான்.

நாற்று நடுவதற்குள் வெண்கலம் முழங்காலைத் தாண்டிவிட்டது. வைக்கோல் செருப்புக்குள் துணி திணித்து நடந்தும் சத்தம் அடங்கவில்லை. அவன் வருவது தெருமுனையிலேயே கேட்டதால், மிச்சமிருந்த அரிசியை ஒளித்துவைக்க ஜனங்களுக்கு நல்ல அவகாசம் கிடைத்தது. பக்கத்து வீட்டு விதவை கன்னான் அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "தலைவரே, எங்க வீட்டுக் கரண்டி உங்க எந்தக் கால்ல இருக்கு? சொன்னா தெனமும் ஒரு கும்பிடு போட்டுக்குவேன்ல" என்றாள். வைத்தியர் ஊசி குத்திப் பார்த்து, ஊசி வளைந்ததும், நல்ல வார்ப்பு, கலப்படமே இல்லை என்று சொல்லி எழுந்து போனார்.

அறுவடை நெல் முழுவதும் கப்பலேறிய பிறகு இரண்டாவது வசூல் வந்தது. கொடுக்க ஊரில் ஓர் ஆணிகூட இல்லை. எடை குறைந்தால் அந்தத் தெருப் பெண்களைத் தெற்கே ஏதோ தொழிற்சாலைக்கு அனுப்புவதாகவும், மற்றவர்களுக்கு முன்மாதிரியாகத் தலைவன் மகள் முதலில் போவாள் என்றும் போலீஸ் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் போன பெண்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. தால்சு அப்போது கழுத்து வரை வெண்கலமாகிப் படுத்திருந்தான்.

"என்னைக் கொண்டுபோயி எடை போடச் சொல்லுடி."

"வாய மூடிக்கிட்டுக் கஞ்சியக் குடிங்க." வசந்தத்துக்குப் பிறகு புன்னே அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வெளையாட்டு இல்ல. தெரு மொத்தத்துக்கும் எடை காணும்."

"உருக்குவானுங்க. தெரியுமா?"

"கழுத்துக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. மேல கொஞ்ச நேரந்தானே."

அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். அவன் அம்மாவைத் திட்டினாள், பேரரசரைக்கூடத் தணிந்த குரலில் திட்டினாள். பிறகு போய் மாட்டு வண்டிக்காரனைக் கூட்டிவந்தாள். அவனை ஏற்றத் தெருவே கைகொடுத்தது. கன்னான் அம்மா தலைக்கடியில் தன் தலையணையை வைத்தாள். கிடங்கில் அதிகாரி பிரம்பால் மார்பில் தட்டி, ஓசை அடங்கும்வரை காதுகொடுத்துக் கேட்டுத் தலையாட்டினார். எடை போதும். ஆனால் தலை உலோகமில்லை என்பதால் அதைக் கழிக்கச் சொன்னார். கழித்தும் போதுமாகத்தான் இருந்தது.

"உங்கம்மா கிண்ணத்த எடுத்தது தப்புதான்" என்றான் தால்சு.

"தப்புதான்" என்றாள் புன்னே. ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்கத் தாடை குளிர்ந்து இறுகியது. கண்கள் கடைசியாக மூடின. இப்போது வெண்கலமாகிவிட்ட தலையின் எடை தெருக் கணக்கில் சேராது, அரசாங்கத்துக்கே என்று குமாஸ்தா சொன்னான். கன்சான் துறைமுகத்தில் அவனைக் கப்பலில் ஏற்றினார்கள்.

சூன்யே வீட்டிலேயே இருந்தாள். போர் முடிந்து ஜப்பான்காரர்கள் போன பிறகு, தால்சுவுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெருவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. விரல் மாறிய நாளா, கண் மூடிய நாளா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எந்தக் கடலில், எந்த நாளில் வெடித்தான் என்று தெரிந்தால் அதுதான் முறை என்று வைத்தியர் அடித்துச் சொன்னார். புன்னே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்லி அறுவடை முடிந்த மறுநாள் என்று வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஊரில் படைக்க ஏதாவது இருக்கும்.