தை மாதத்துத் தண்ணீர்

பின்வளவை விற்பதென்று முடிவானது ஷப்னாவுக்குக் கலியாணம் பொருந்திய கிழமையில்தான். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பெண்ணுக்கு வீடு இல்லாமல் அந்தப் பக்கத்தில் கலியாணம் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. உம்மு குல்சூமும் கணவர் அப்துல் ஹமீடும் மகளுக்கென்று போட்ட அத்திவாரம், அவர்கள் குடியிருந்த வீட்டின் பக்கத்தில் இரண்டு வருடமாகப் புல் மூடிக் கிடந்தது. பின்னால், கிணற்றோடு ஒரு துண்டுக் காணி சும்மா கிடந்தது.

தலைமன்னார் வீதியை ஒட்டிய காணிகளுக்கு அப்போது நெருப்பு விலை. காற்றாலை வேலைக்கு வந்தவர்கள், மாற்றலாகி வந்த அரசாங்கக் கந்தோர்க்காரர்கள், இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள், புத்தளத்தில் வேரூன்றிவிட்டுப் பிள்ளைகளுக்காகத் திரும்பி வர யோசித்தவர்கள் என்று எல்லோரும் தீவுக்குள் ஒரு துண்டு நிலம் தேடினார்கள். காணித் தரகன் பைசரின் தொலைபேசி இலக்கம் பாதி மதில்களில் இருந்தது. 'காணி விற்பனைக்கு' என்று எழுதி, கீழே 'நல்ல தண்ணீர்' என்று அவன் கட்டாயம் போடுவான். மன்னார்த் தீவில் அந்த இரண்டு சொல்லுக்குத்தான் விலை.

"ராத்தா, தையிலயே காட்டிப்போடுவம்," என்றான் பைசர். "சித்திரை தாண்டினா உங்கட கிணறு தன்ர குணத்தைக் காட்டிப்போடும்."

உம்மு குல்சூம் அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அது அவளுடைய வாப்பா வெட்டிய கிணறு. ஒரு காலத்தில் பன்னிரண்டு மாதமும் தித்திக்கும். பிறகு ஒழுங்கையின் இரு பக்கமும் வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு வீடு மோட்டர் வந்தது. மணலுக்கு அடியில் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரை எல்லோருமாக உறிஞ்ச, ஆறு வருடமாக வைகாசி பிறந்தால் உப்புத் தட்டும். ஆடியில் சவர்க்காரம் நுரைக்காது. வீதியால் வந்த குழாய்த் தண்ணீர் முன்வீட்டுக்குக் கிடைத்த பிறகு, பின் கிணற்றை யாரும் கவனிக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. அருள்நேசன் வங்காலைக்காரன், மேசன் வேலை. அவன் மனைவி ஜெனிஸ்ரா, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து இருபது வயதுக்குப் பிறகு ஊர் திரும்பியவள். பேச்சில் இரண்டு கரையும் கலந்திருக்கும். அண்ணன்மார் குடும்பங்களோடு ஒரே வீட்டில் ஐந்து வருடம் இருந்துவிட்டுத் தனியாக ஓர் இடம் தேடினார்கள்.

ஜெனிஸ்ரா காணியின் எல்லையைப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வாளியால் அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு சின்னதா இருந்தாலும் பரவால்ல மிஸ், எனக்குக் கிணறு வேணும்," என்றாள். உம்மு குல்சூம் அந்தப் பகுதியில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் குடும்பநல மாது. அதனால் எல்லோருக்கும் அவள் மிஸ்தான். "முகாம்ல குடத்தோட வரிசையில நின்னே வளந்தவ நான். கோடையிலயும் தண்ணி இப்படித்தானே இருக்கும்?"

பைசர் தன் தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நாங்க எல்லாரும் வளந்தனாங்கள்," என்றாள் உம்மு குல்சூம்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜெனிஸ்ரா கணவனைப் பார்த்துத் தலையாட்டினாள். மாசியில் காணி உறுதி எழுதியாயிற்று.

அருள்நேசன் கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. பகலில் மற்றவர்களின் வீட்டில் வேலை, பின்னேரத்தில் தன் வீட்டில் வேலை. ஜெனிஸ்ரா கேட்டபடி முதலில் மலசலகூடத்தோடு சேர்ந்த குளியலறையைக் கட்டினான். வேலைத் தலங்களில் மிஞ்சிய மாபிள் துண்டுகளைச் சேர்த்துவந்து, நீலமும் பச்சையும் வெள்ளையுமாகச் சுவரில் பதித்தான். "கதவைப் பூட்டிட்டு எவ்வளவு நேரமும் குளிக்கலாம் அன்ரி," என்று ஜெனிஸ்ரா வந்து சொன்னாள். அதற்குள் அவளுக்கு மிஸ் அன்ரியாகிவிட்டிருந்தாள். காலையில் வேலி இடைவெளியால் வருவாள். குசினிக்குள் புகுந்து பலகையை இழுத்துப் போட்டு இருப்பாள். தேத்தண்ணியை அவளே ஊற்றிக் குடிப்பாள். சித்திரையில் அவள் கர்ப்பமானதைக் கணவனுக்குச் சொல்லுமுன் உம்மு குல்சூமுக்குத்தான் சொன்னாள்.

வைகாசியில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உம்மு குல்சூமும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க, வேலி இடைவெளியில் நிழலாடினாலே அவள் முன்வாசல் பக்கம் போய்விடுவாள்.

ஆடியில் ஒரு பின்னேரம் ஜெனிஸ்ரா ஒரு பை மாம்பழத்தோடு வந்தாள். வழமைபோல் உள்ளே வராமல் பின்வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. வந்துவிட்டது என்று உம்மு குல்சூம் நினைத்தாள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டாள்.

"அன்ரி, கோவிக்கக் கூடாது," என்றாள் ஜெனிஸ்ரா. "உங்க கிணத்தை நாங்க கெடுத்துட்டோம்."

"என்னம்மா சொல்றீங்கள்?"

"உப்பாயிடுச்சு அன்ரி. பருப்பு வேகுதில்ல. பால் தேத்தண்ணி திரைஞ்சு போகுது. இவர் மலசலகூடக் குழியைக் கிட்ட வெட்டிட்டாரு. தள்ளி வெட்டுங்கன்னு நான் அப்பவே சொன்னேன், கேக்கலை. சீமெந்து வேலைக்கு மோட்டரையும் விடாம ஓட்டினாரு. எத்தனை வருசமா நீங்க குடிச்ச கிணறு. உங்க வாப்பா வெட்டினது. ஆறே மாசத்துல நாசமாக்கிட்டோம்." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உம்மு குல்சூம் வாசலுக்கு வந்தாள். அழுகிற பிள்ளையை இழுத்து அணைத்துத் தலையைத் தடவினாள்.

"அழக்கூடாதம்மா, வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. மழை பெய்ஞ்சா எல்லாம் சரியாயிடும்."

அதுவும் உண்மைதான். இரண்டாவது தடவையும் அவள் உண்மையை வைத்தே தப்பிக்கொண்டாள். மாம்பழங்களை அன்று யாருக்கும் வெட்டிக் கொடுக்க அவளால் முடியவில்லை.

கணவரிடம் சொன்னாள். ஹமீட் கெட்ட மனிதர் அல்ல. கருவாட்டு வியாபாரத்தில் நிறுவையில் கை வைக்காதவர் என்று பேர். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அதுகள் தங்களிலதான் பிழையெண்டு நினைக்குதுகள். நினைக்கட்டுமே. கார்த்திகையில தண்ணி நல்லாகும். அடுத்த வருசம் ஒழுங்கைக்கும் பைப் வரும். நீ ஏன் போய்த் தலையைக் குடுக்கிறாய்? வித்த காசு மகள்ற கூரையில கிடக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்று அவள் தேடிப் பார்த்தாள். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளப் பக்கம் கற்பிட்டியில் கிடுகுக் கொட்டிலில் கிடந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அங்கேயும் உப்புத் தண்ணீர்தான். பருப்பை மத்தியானம் வரை அடுப்பில் வைத்துவிட்டு உம்மா அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கிணறுகளைக் காட்டியவர்கள் யாரும் நல்ல தண்ணீர் என்று சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த கிளினிக்கில் ஜெனிஸ்ராவின் கால் வீங்கியிருந்தது. உம்மு குல்சூம் பிரஷர் பார்த்தாள். ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"சமையலுக்கு என்ன தண்ணி?"

"குடிக்க மட்டும் பௌசர் லொறில வாங்குறோம் அன்ரி. சமையல் கிணத்துத் தண்ணிலதான்."

டொக்டரிடம் அனுப்பி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையக் குழாய்த் தண்ணீரை வேலியடியில் கொண்டுபோய் வைத்தாள். ஜெனிஸ்ரா அதைத் தூக்கும்போதெல்லாம், "நாங்க உங்க கிணத்தைக் கெடுத்தும் நீங்க எங்களுக்குச் செய்யுறீங்க," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்கப் பயந்து, கானை வைத்துவிட்டு உம்மு குல்சூம் ஓடிவரத் தொடங்கினாள்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, பின்வளவில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏதோ கட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மாபிள் நொறுங்குகிற சத்தம் வந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அருள்நேசன் தன் குளியலறையை இடித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே விழுந்திருந்தது. நீலமும் பச்சையும் மணலில் சிதறிக் கிடந்தன. ஜெனிஸ்ரா வீட்டு வாசலில் அவனுக்கு முதுகு காட்டி இருந்தாள். இருவரும் பேசி நாளாயிற்று என்று பார்த்த உடனே தெரிந்தது.

"என்ன தம்பி செய்யிறீங்கள்?"

"இதை உடைச்சு, குழியை மூடிப்போட்டு, எல்லாத்தையும் அந்த மூலையில புதுசாக் கட்டப் போறன் அன்ரி," என்றான் அவன், மூச்சு வாங்க. "ஒவ்வொரு நாளும் இதே கதைதான். நான்தான் கிணத்தைக் கெடுத்தனாமெண்டு. சோறு வாயில வைக்கேலாமக் கிடக்கு." சுத்தியலை மறுபடி ஓங்கினான்.

"நிப்பாட்டுங்கோ!"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஜெனிஸ்ராவும் திரும்பிப் பார்த்தாள்.

"குழியாலயும் இல்லை, மோட்டராலயும் இல்லை. ஆறு வருசமா இந்தக் கிணறு வைகாசியில இருந்து உப்புத்தான். மழைக்கு மட்டும்தான் நல்லா இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தையில காட்டினனான்."

அருள்நேசன் சுத்தியலைக் கீழே விட்டான். இடிந்த சுவரைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"கேட்டியா ஜெனி? நான் இல்லை," என்றான். "நான் இல்லையாம்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று உம்மு குல்சூம் காத்திருந்தாள். வந்தது ஆறுதல். மாதக்கணக்காகச் சுமந்ததை இறக்கி வைத்தவன்போல அவன் சீமெந்துப் பையின்மேல் இருந்தான். ஏசியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஜெனிஸ்ரா எழுந்து வந்தாள்.

"தையில நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"மாம்பழம் கொண்டுவந்தப்போவும்?"

"ஓம்."

"என் தலையைத் தடவினீங்களே."

உம்மு குல்சூம் மணலில் கிடந்த நீல மாபிள் துண்டுகளைப் பார்த்தாள்.

"இவரை நான் என்னெல்லாம் சொன்னேன் தெரியுமா?" ஜெனிஸ்ரா கணவனைக் காட்டிக் கேட்டாள். "உனக்கு ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாதுன்னு சொன்னேன். பிள்ளை பிறந்தாலும் நீ இப்படித்தான் கெடுப்பேன்னு சொன்னேன். அதையெல்லாம் நான் இனி எப்படித் திருப்பி எடுக்கிறது?"

"காணியை நாங்கள் திருப்பி எடுக்கிறம் பிள்ளை. என்ர நகையிருக்கு, கொஞ்சம் தவணை தாங்கோ..."

"நாங்க எங்க போறது? இன்னொரு தடவை மூட்டை கட்ட என்னால ஏலாது."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அருள்நேசன் மணலைக் காலால் கிளறினான். "ஒழுங்கையால பைப் வர எவ்வளவு காலம் போகுமோ தெரியாது. உங்கட வளவால பைப்பை எடுக்க விடுங்கோ மிஸ். அது எங்களுக்குக் காணும்," என்றான்.

அன்ரி என்ற சொல் அவன் வாயிலிருந்தும் போய்விட்டதை அவள் கவனித்தாள்.

வளவால் குழாய் எடுப்பதென்றால் ஷப்னாவின் புது வீட்டு முற்றத்தைக் கிண்ட வேண்டும். ஐப்பசியில் கலியாணம். பதித்து ஒரு கிழமையான கற்களை அருள்நேசனும் இன்னொருவனும் பெயர்த்து அடுக்கியபோது, ஷப்னா யன்னலால் பார்த்து அழுதாள். ஹமீட் நாலு நாள் மனைவியோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே போய்க் குழாய் தாழ்க்க வெட்டிய பள்ளத்தை மூட மண் தள்ளினார்.

பைசருக்குத்தான் ஆத்திரம். "ராத்தா, இதையெல்லாம் வெளியில சொல்லிக்கொண்டு திரிஞ்சா இந்த ஒழுங்கையில ஒரு துண்டும் விக்கேலாது," என்று தொலைபேசியில் கத்தினான். அவன் சொன்னதுபோலவே ஒழுங்கை மூலையில் இருந்த வளவு பேசி முடித்த விலைக்குப் போகவில்லை. வாங்க வந்தவர், கோடையில் தண்ணீர் எப்படி என்று கேட்டாராம். அந்த வளவின் சொந்தக்காரி ஸம்ஸியா அதற்குப் பிறகு உம்மு குல்சூமைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்த்திகையில் மழை அடித்துப் பெய்தது. மார்கழியில், மன்னார் ஆஸ்பத்திரியில் ஜெனிஸ்ராவுக்குப் பெண் குழந்தை. பிரஷரால் பத்து நாள் முந்திப் பிறந்தது. நிறை கொஞ்சம் குறைவு. தாயும் பிள்ளையும் வீடு வந்த பிறகு, கடமைப்படி பார்க்கப் போக வேண்டியவள் உம்மு குல்சூம்தான். வேறு மிஸ்ஸை மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்கவில்லை.

வேலி இடைவெளியால் போகாமல் ஒழுங்கையால் சுற்றிப் படலையால் போனாள். குளியலறைச் சுவர் திரும்ப எழுந்திருந்தது; மாபிள் இன்னும் பதிக்கவில்லை.

ஜெனிஸ்ரா முன்னறையில் கதிரை எடுத்துப் போட்டாள். உம்மு குல்சூம் குழந்தையைப் பார்த்தாள், தொப்புளைப் பார்த்தாள், தொட்டில் துணியில் தூக்கி நிறுத்து அட்டையில் எழுதினாள். பிள்ளை ஏறியிருந்தது. பால் குடிக்கிறதா, தாய்க்குத் தலையிடி இருக்கிறதா என்று கேட்டாள். ஜெனிஸ்ரா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"பைப்பில தண்ணி ஒழுங்கா வருதோ?"

"வருது மிஸ்."

எழும்பப் போனபோது, "இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணி வரும் என்று உம்மு குல்சூம் நினைத்தாள். தட்டில் ஒரு கண்ணாடிக் கிளாஸும் உடைக்காத சோடாப் போத்தலும் வந்தன. வெளியாட்கள் வந்தால் வைப்பதுபோல, நேர்த்தியாக, தட்டுக்கு ஒரு துணியும் விரித்து. ஜெனிஸ்ரா மூடியைத் திறந்து ஊற்றி நீட்டினாள்.

உம்மு குல்சூமுக்குச் சீனி கூடாது. அவள் மறுக்கவில்லை. முழுவதையும் குடித்து முடித்துக் கிளாஸை வைத்தாள். பிறகு அட்டையில் அடுத்த தடவை வருகிற திகதியை எழுதிக் கொடுத்தாள்.

ஜெனிஸ்ரா அதை வாங்கி வாசித்தாள்.

"சரி மிஸ், வாங்க," என்றாள்.

கடமைக்கு வருகிற மிஸ் என்பதற்காகச் சொன்னாளா, அன்ரியாகத் தன்னைத்தான் வரச் சொன்னாளா என்று படலை வரைக்கும் யோசித்துக்கொண்டு நடந்தாள் உம்மு குல்சூம். ஒழுங்கை முழுவதும் மழைத் தண்ணீர் நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற வீடுகளில் இருந்த தாய்மாரைப் பார்க்கப் போனாள்.