முன்னால் போன சால்வை

மழைக்காலத்தில் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் மழைக்குத் தப்பி ஓடப் பார்க்கிறவர்கள். போகராவில், ஏரிக்கரைச் சாலையில், ஒரு பயண அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை. "இப்ப தெற்க தராய்ச் சமவெளிப் பக்கம் போகாதீங்க, காட்டுக்குள்ள அட்டை மட்டும்தான் உங்களப் பாக்க வரும். மலைக்கு அந்தப் பக்கம் முஸ்தாங் காய்ஞ்சு கிடக்கு. என்ன, அங்க போற வழி இந்தப் பக்கமால்ல இருக்கு" என்பேன். சிரிப்பார்கள். வானிலை என் வேலை. அதுதான் என் சாக்கும் என்று கண்டுபிடித்தவள் என் தங்கை பம்பா ஒருத்திதான்.

அவள் முஸ்தாங்கில், மார்ஃபாவில் வாழ்க்கைப்பட்டவள். மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் ஊர். ஆப்பிள் மரங்களும் ஓயாத காற்றும். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவது ஆவணிக் கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. பேறு பார்க்க நான்தான் போக வேண்டும்.

"அக்கா, எப்ப வர்ற?"

"மழை விடட்டும்டி. புரட்டாசி பொறந்ததும் முதல் ஜீப்ல ஏறிடறேன்."

"அதுக்குள்ள உன் பையன் வெளிய வந்து ஆப்பிள் பறிச்சுக்கிட்டு இருப்பான்."

"வர்ற வழியில, பேனிக்கு மேல தினமும் மண் சரியுது. தெரியாதா உனக்கு?"

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வழி சொல்ற. என்கிட்ட வர மட்டும் உனக்கு வழி தெரியாது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

எனக்கு வழி தெரியும். சரிவு வந்ததும் ஜீப்பிலிருந்து இறங்கி, காலடியில் மண் நழுவ நழுவ நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு ஜீப்பில் ஏற வேண்டும். கீழே காளி கண்டகி ஆறு. அதை நினைத்ததும் வானிலை அறிக்கையைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

கேசவ் பண்டிதரிடம் நாள் பார்த்தேன். வடக்கே புறப்பட ஆடியில் ஒரு நல்ல வேளை இருந்தது. அதை விட்டால் தசாய்ன் பண்டிகை வரை ஒன்றுமில்லை. "புறப்பாடு வைச்சிடு. அப்புறம் எப்ப வேணா கிளம்பிக்கலாம்" என்றார். எங்களிடம் அது வழக்கம்தான். நல்ல வேளையில், உடுத்துகிற துணி ஒன்றில் அரிசியும் பாக்கும் முடிந்து, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

என் நீலச் சால்வையை ஹேம்ஜாவில், வடக்குச் சாலையோரம் தேநீர்க்கடை வைத்திருக்கும் தில்குமாரி அக்காவிடம் கொடுத்தேன்.

"ரெண்டு நாள் வைப்பாங்க, மூணு நாள் வைப்பாங்க. மழைக்காலம் பூரா வைக்கிறவள இப்பதான் பாக்கறேன். பயந்தாங்கொள்ளி!"

"ஒரு மூலையில கிடக்கட்டும் அக்கா."

"கிடக்குமாடி? கிளப்பி விட்டுட்டா அது கிளம்பினதுதான்" என்றபடி பரணில் வைத்தாள்.

அதன்பின் மழை வலுத்தது. பருவம் மந்தம் என்று முதலாளி காட்மாண்டுவுக்குப் போய்விட்டார். மாடி அறையில் படுத்து, காலையில் கீழே வந்து அலுவலகத்தைத் திறப்பேன். வேறெங்கும் போகவில்லை. ஒருநாள் தில்குமாரி அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, அவ்வளவு அவசரமா? ஒரு டீ குடிச்சிட்டுப் போனா என்ன?"

"எங்க போனேன்?"

"காலையில வந்து சால்வைய வாங்கிக்கிட்டுப் போனியே. தெப்பலா நனைஞ்சு நின்ன. வாய் கூடத் திறக்கல. என் கையாலதான எடுத்துக் கொடுத்தேன்."

யாரோ ஏமாற்றி வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று குளிக்கும்போது கணுக்காலில் அட்டை கடித்த காயம் இருந்தது. கழுவக் கழுவ ரத்தம் கசிந்தது. ஏரிக்கரையின் தார்ச்சாலையை விட்டு நான் இறங்கவே இல்லை.

மார்ஃபாவுக்குத் தொடர்பு அறுந்து, பல நாள் கழித்துத்தான் கிடைத்தது.

"அலோ, யாரு?" என்றாள் பம்பா.

"யாரா? உன் அக்கா. துளசா."

காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள். "புள்ளத்தாச்சிகிட்ட என்னங்க விளையாட்டு? எங்கக்கா இங்க என் காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. மழையில நடந்தே வந்தவ. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. பேசாட்டி என்ன, வந்தாளே!"

பின்னால் யாரோ இருமினார்கள். எனக்கு மழைக்காலத்தில் வரும் இருமல் அது. இரண்டு முறை சின்னதாக, பிறகு ஒரு செருமல். என் வளையல்களும் அங்கே குலுங்கின. இங்கே என் கை அசையாமல் இருந்தது.

முதலில் வந்தது பொறாமைதான். பயம் பிறகு வந்தது. போகத் துணிந்த ஒன்று என்னிலிருந்து கழன்று போயிருக்கிறது. பேச்சில்லாத அது, என் தங்கையின் வயிற்றருகே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை வரும்போது அது என்ன செய்யும்?

அலுவலகத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஜீப் ஏறினேன்.

பேனிக்கு மேலே சரிவில் வண்டி நின்றது. மறுபக்கத்து ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மறுபடியுமா அக்கா? அன்னிக்குச் சரிவுக்குக் குறுக்க கட்டின கயிறக்கூடப் பிடிக்காம கடந்தீங்க. நாங்கல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னோம்."

சேற்றில் ஒரு தடம் போயிருந்தது. இடது குதிகால் தேய்ந்த என் செருப்பின் தடம். அத்தனை மழையும் அதை அழிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் தண்ணீர் கட்டி நின்றது. வேறு வழியில்லாமல் அவற்றிலேயே காலை வைத்து நடந்தேன். சுற்றிலும் மண் ஓடிக்கொண்டிருந்தது. என் காலடியில் மட்டும் ஓடவில்லை.

மார்ஃபாவில் வெயில் அடித்தது. பம்பாவின் கணவன் நரேந்திரன் சந்துக்கே ஓடி வந்தான். "தண்ணி எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா அக்கா? அவளுக்கு வலி எடுத்துடுச்சு!"

உள்ளே போனேன். கட்டிலருகே ஒரு முக்காலி, அதன்மேல் என் நீலச் சால்வை. மழையே பெய்யாத ஊரில் அது தரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. பம்பா என் கையை இறுகப் பிடித்தாள்.

"கை ஏன் சூடா இருக்கு? இத்தன நாளா ஐஸ் மாதிரி இருந்துச்சே."

"மூச்ச இழுத்து விடு" என்றேன்.

வலியிலும் அவள் சிரித்தாள். "வாயத் திறந்துட்டியா!"

விளக்கு வைப்பதற்குள் பெண் பிறந்தது. உடனே அழுதது. பம்பாவும் அழுதாள். ஓமத்தைக் கொதிக்க வைத்து அவளுக்குக் கொடுத்தேன். வேண்டிய சாமான்களெல்லாம் நான் எப்போதும் வைக்கிற வரிசையில் அடுப்பருகே இருந்தன.

முதலாளி ஒருவேளை திரும்பியிருந்தால் சொல்லிவிடலாம் என்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது என் குரல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம், போகராவின் மழை தகரக் கூரையில் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"வடக்கேயா? இப்ப வேணாங்க. மழை விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"யாரு அக்கா?" என்றாள் பம்பா, பிள்ளையை அணைத்தபடி.

"ராங் நம்பர்" என்றேன். இடுப்பில் அலுவலகச் சாவி குத்திக்கொண்டே இருந்தது.