வாத்து வாத்தியாரின் நடை

எங்கள் ஸ்டூடியோவில் ஆளுக்கொரு கண்ணாடி உண்டு. அழகு பார்க்க இல்லை. கார்ட்டூனில் ஒரு பூனை கொட்டாவி விட வேண்டுமென்றால், வரைகிறவர் முதலில் தன் மேஜைக் கண்ணாடியில் கொட்டாவி விட்டுப் பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

முதலாளி என் அண்ணன். படங்களை அசைய வைப்பவர் அண்ணி. பின்னால் வரும் மரம், வீடு, வானம் எல்லாவற்றுக்கும் வண்ணம் அடிப்பவள் நான். மூன்று பேருக்கும் சோறு போடுவது ஒரு வாத்து. டி.வி.யில் தினமும் சாயங்காலம் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வாத்து வாத்தியார், அண்ணி பெறாமல் பெற்ற பிள்ளை.

அந்த வாத்தின் தலையில்தான் இடி விழுந்தது. நாங்கள் இத்தனை வருஷமாக நம்பியிருந்த அனிமேஷன் சாஃப்ட்வேரை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம் என்று கம்பெனிக்காரன் மெயில் அனுப்பிவிட்டான். அண்ணி கப்பல் கவிழ்ந்ததுபோலக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சேனல்காரர்களோ இதுதான் சாக்கென்று ஒரு நிபந்தனை போட்டார்கள். புது சாஃப்ட்வேருக்கு மாறுகிறீர்கள் அல்லவா, வாத்து இனி பக்கவாட்டில் மட்டும் நடந்தால் போதாது, குழந்தைகளைப் பார்த்து நேராக நடந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நடந்து காட்டாவிட்டால் வாத்துக்கு ஓய்வு, அந்த இடத்தில் ஒரு முயல்.

முயலாம்! எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வாத்தின் அழகே நடைதான். வயிறு முந்திக்கொண்டு போகும், இடது கால் யோசித்து யோசித்துப் பின்னால் வரும். ஆனால் அதே நடை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? பழைய படங்கள் எதிலும் பதில் இல்லை. அண்ணி ஊகித்து வரைந்தார். புது சாஃப்ட்வேர் அதிமேதாவி. இடைப்பட்ட படங்களைத் தானே போட்டு, மேடுபள்ளத்தையெல்லாம் இழைத்துவிட்டது. வாத்து சக்கரம் வைத்த பெட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. "இந்த சனியன் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்று அண்ணி மவுஸைத் தள்ளினார்.

என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணி முதுகைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் சமாதானத்துக்கு ஒரு காபியோடு வந்தான். நான் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கண்ணாடியில், எங்கள் முதுகுக்குப் பின்னால் வயிறு முதலில் வந்தது. இடது கால் யோசித்து யோசித்து அப்புறம் வந்தது.

"அண்ணி! வாத்து!" என்று கத்திவிட்டேன்.

"மெதுவாப் பேசு" என்றார் அண்ணி. முகம் சிவந்துவிட்டது.

குட்டு உடைந்தது. அண்ணன் காபியை வைத்துவிட்டு, "இத்தனை வருஷமா டி.வி.ல நானா நடந்துக்கிட்டிருக்கேன்?" என்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எடுங்க வீடியோ. நடக்கறேன்" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அங்கேதான் வந்தது வினை. நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் வயிற்றை எக்கிக்கொண்டு, அணிவகுப்பில் போகிறவன் மாதிரி நடந்தான்.

"சாதாரணமா நட அண்ணா!"

"சாதாரணமாத்தானே நடக்கறேன்!"

எத்தனை தடவை நடந்தாலும் வாத்து வரவில்லை. மணி நாலைத் தாண்டிவிட்டது.

"போதும். முயலே வரட்டும். நான் வீட்டுக்குப் போறேன்." அண்ணி பையை மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி விறுவிறுவென்று வெளியே போனார். தோள்கள் குலுங்கின.

அண்ணன் பதறிப்போய்ப் பின்னாலேயே போனான். "ஏம்மா, நில்லும்மா! விளையாட்டுக்குச் சொன்னேன். உனக்குத் தெரியாத ஆட்டமா? நில்லு!"

நீளமான நடைபாதையில் வயிறு முந்த, இடது கால் பிந்த, சாட்சாத் வாத்து வாத்தியார் போய்க்கொண்டிருந்தார். வீடியோ எடுக்க என் கையில் போன் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நடைபாதைக் கோடியில் அண்ணி திரும்பினார். அழவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். போனின் முன்பக்கக் கேமரா அவர் தோளுக்கு மேலாக அத்தனையையும் எடுத்திருந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்றார்.

சாஃப்ட்வேரின் மேதாவித்தனத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் அண்ணி கையாலேயே போட்டார். இருட்டுவதற்குள் வாத்து எங்களைப் பார்த்து நடந்து வந்தது. நான் கைதட்டினேன். சேனலுக்கு அனுப்பினோம், அங்கிருந்து போன் வந்தது. முயல் வேண்டாமாம்.

"அது சரி, என் நடையை எப்போ திருடினே?" என்று கேட்டான் அண்ணன்.

"நான் வேலைக்கு வந்த முதல் நாளே. நான் வரைஞ்ச வாத்துக்குக் கழுத்து நீளம்னு சொன்னீங்க, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். தெருமுனை வரைக்கும் பக்கத்துலயே நடந்து வந்து கெஞ்சினீங்களே. பக்கத்துல பாத்தேன், பக்கவாட்டுல வரைஞ்சேன். இன்னிக்குத்தான் பின்னாடி வந்தீங்க."

அண்ணன் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு, சூடு பண்ணி வர மெல்ல நடந்து போனான். வயிற்றை எக்க மறந்துவிட்டான். அண்ணி சத்தமில்லாமல் மறுபடி போனை எடுத்தார். வாத்தைப் பின்னாலிருந்தும் ஒருநாள் கேட்பார்கள் அல்லவா?